சுவிட்சை நிறுத்தினாலும் மின்சாரம் இருக்கலாம்

பாடசாலை மண்டபத்திலிருந்தோ, முகாமிலிருந்தோ, உறவினர் வீட்டிலிருந்தோ சொந்த வீட்டுக்குத் திரும்பும் நாளில், கதவைத் திறந்ததும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். பல்பு எரிந்தால் மனம் ஆறும். "கரண்ட் இருக்கு, வாங்க" என்று பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவோம். இந்தப் பாடம் அந்தப் பல்பைப் பற்றியது. பல்பு எரிகிறது என்பதால் மட்டும் வயரிங் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை மாவட்டத்தில் எத்தனை வீடுகளை விட்டு ஆட்களை வெளியேற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மலைப்பகுதிக்கு அது முதல் தடவையுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்கள் புதிய வீட்டுக்குப் போக இரண்டு வருடம் சென்றது. வெளியே இருக்கும் காலத்தில் பூட்டிய வீட்டின் வயரிங்குக்குப் பல விதமான சேதம் வரும். கூரைத் தகரம் விலகி மழை இறங்கும். எலி வயரைக் கடிக்கும். கம்பத்திலிருந்து வரும் வயர் அறுந்து, யாரோ அவசரத்துக்கு முடிந்து வைத்திருப்பார்கள். வயர் அறுந்ததும் எலி கடித்ததும் பார்த்தால் தெரியும். கம்பிகள் இடம் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். அதனால்தான் அதற்கு இத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

எப்படி நடக்கிறது என்பதற்கு என் தவறு ஒன்றையே சொல்கிறேன். நான் அப்புத்தளைப் பக்கத்து லயமொன்றில் வளர்ந்தவன். வயரிங் பழகத் தொடங்கிய இரண்டாம் வருடம், அடுத்த காம்பரா அக்கா பின்பக்கம் தகரம் போட்டு ஒரு குசினி கட்டினார். "தம்பி, அடுப்படிக்கு ஒரு லைட் போட்டுத் தா" என்றார். என்னிடம் சிவப்பு வயர் முடிந்திருந்தது, கறுப்பு மட்டும்தான் மிச்சம். டவுனுக்குப் போய் வர பஸ் காசு, அரை நாள் வேலை. இரண்டு கோட்டையும் கறுப்பிலேயே இழுத்தேன். குசினி முனையில் எது எந்த வயர் என்று பார்க்கவில்லை. கைக்கு வந்ததை சுவிட்சில் பூட்டினேன், மற்றதை நேரே ஹோல்டருக்குக் கொடுத்தேன். பல்பு எரிந்தது, சுவிட்சைத் தட்டினால் அணைந்தது. அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் பெருமையாகக் குடித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒழுக்குத் தண்ணீர் பட்டு அந்தப் பல்பு வெடித்தது. கண்ணாடி போய், திருகு மூடி மட்டும் ஹோல்டரில் சிக்கிக்கொண்டது. அக்கா சுவிட்சை நிறுத்தினார், ஸ்டூலில் ஏறினார், ஒரு கையை ஈரச் சுவரில் ஊன்றிக்கொண்டு மறு கையால் மூடியைத் திருகினார். மின்சாரம் அடித்துக் கீழே விழுந்தார். விழுந்ததால் கை விடுபட்டது, உயிர் தப்பியது. மணிக்கட்டு முறிந்ததால் மூன்று மாதம் பெரட்டுக்குப் போக முடியவில்லை. அந்த மூன்று மாதச் சம்பளமும் இல்லை.

"சுவிட்ச நிறுத்திட்டுத்தானே தம்பி தொட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் செய்தது முழுக்கச் சரி. பிழை நான் பூட்டிய இடத்தில் இருந்தது.

எந்தக் கம்பி எதற்கு

கம்பத்திலிருந்து சாதாரண வீடொன்றுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று உயிர்க்கம்பி. வயரிங் செய்பவர்கள் இதை லைவ் என்பார்கள். 230 வோல்ட் அழுத்தம் இதில்தான் இருக்கும். மற்றது நொதுமல் கம்பி, அதாவது நியூட்ரல். மின்சாரம் திரும்பிப் போகும் வழி இது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது இதற்கும் நிலத்துக்கும் இடையில் அழுத்தம் மிகக் குறைவு. மூன்றாவது கம்பி புவிக்கம்பி, எர்த். இது நம் வீட்டோரம் மண்ணில் இறக்கிய கம்பியிலிருந்து வருவது. வழக்கமான நேரத்தில் இதில் மின்சாரம் ஓடாது. ஐயனின் உடலில் எங்காவது மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோவதுதான் இதன் வேலை.

சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே வெட்டும். அது உயிர்க்கம்பியாக இருக்க வேண்டும். மேட்டுத் தொட்டியிலிருந்து லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். தொட்டியடி வால்வை மூடினால் கீழே குழாய் வெறுமையாகிவிடும், பயமில்லாமல் அறுத்து ஒட்டலாம். கீழ் முனையில் மூடினால் தண்ணீர் வராது, ஆனால் குழாய் முழுவதும் அழுத்தத்தோடு நிற்கும். வெட்டினால் முகத்தில் பீறிடும். உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் இடம் மாறிய வீட்டில் சுவிட்ச் கீழ் முனையில்தான் மூடுகிறது. பல்பு அணையும். ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும்.

திருகு ஹோல்டரில் இது இன்னும் மோசம். சரியான வயரிங்கில் உயிர்க்கம்பி ஹோல்டரின் அடியிலுள்ள சின்ன நடுப்புள்ளிக்குப் போகும், விரல் படக்கூடிய திருகுச் சுற்றுக்கு நொதுமல் வரும். மாறினால் விரல் படும் சுற்றே உயிராகிவிடும். என் அக்காவுக்கு நடந்தது இதுதான்.

ஃபியூசுக்கும் இதே கதை. கறுப்புப் பெட்டியில் ஒற்றை ஃபியூஸ் இருக்கும் பழைய இணைப்பில், கம்பி மாறியிருந்தால் ஃபியூஸ் நொதுமல் பக்கம் வந்துவிடும். ஃபியூஸ் எரிந்து வீடு இருண்டுவிடும், ஆனால் வீட்டிலுள்ள எல்லா வயரிலும் உயிர் இருக்கும். "ஃபியூஸ் போயிருச்சு, இப்ப கை வைக்கலாம்" என்று நினைப்பவருக்குத்தான் ஆபத்து.

நம் பக்கத்தில் ஏன் அடிக்கடி மாறுகிறது

நிறம் முதல் காரணம். பழைய வயரிங்கில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல், பச்சை எர்த். புதிய வயரில் மண்ணிறம் உயிர், நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது எர்த். பிரித்தானியாவில் வீட்டுக்குள் பதிக்கும் வயருக்கே இந்த மாற்றம் 2004இல்தான் தொடங்கியது. ஆகவே நம் வீடுகளில் இரண்டு வகையும் கலந்திருப்பது ஆச்சரியமில்லை. பாதி லயம் பழைய நிறம், திருத்திய பாதி புதிய நிறம். இரண்டும் சந்திக்கும் மூட்டில் கறுப்பை மண்ணிறத்தோடு சேர்த்துவிடுகிறார்கள், "ரெண்டும் கருமைதானே" என்று. அல்லது என்னைப்போல ஒரே நிறத்தில் இரண்டு கோடும் இழுத்துவிடுகிறார்கள்.

பிளக் பொயின்ட் இரண்டாவது காரணம். எர்த் துளை மேலே இருக்க முன்னால் நின்று பார்த்தால், வலது துளை உயிர், இடது துளை நொதுமல். 13 அம்பியர் சதுர முள் பொயின்ட்டுக்கும் பழைய வட்ட முள் பொயின்ட்டுக்கும் இது ஒன்றே. ஆனால் வயர் பூட்டுபவர் பொயின்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே வலது இடதாகிவிடும். அவசரத்தில் "வலது பக்கம் லைவ்" என்று மனப்பாடமாகப் பூட்டினால் மாறிவிடும். பின்னால் ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில் எல், என், ஈ என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். எல் உயிர், என் நொதுமல், ஈ எர்த். திசையை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள். 13 அம்பியர் பிளக்கின் மூடியைக் கழற்றும்போது, முள் மறுபக்கம் நீட்டியிருக்க, எர்த் மேலே இருக்க, ஃபியூஸ் இருக்கும் வலது பக்கம்தான் மண்ணிற வயர் வர வேண்டும்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு முள் பிளக்கைச் சதுரப் பொயின்ட்டில் போட, எர்த் துளையில் பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ விட்டு உள்மூடியைத் திறப்பது. இரண்டு முள்ளை எந்தப் பக்கமும் திருப்பிச் செருகலாம் என்பதால் உயிரும் நொதுமலும் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி இருக்கும். போன் சார்ஜருக்கு அதனால் குற்றமில்லை. மேசை விளக்குக்கும் சுடுகருவிகளுக்கும் ஆபத்து. பிள்ளைகள் பார்த்துப் பழகுவது அதைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் அவர்கள் பேனாவுக்குப் பதில் ஊசியை விடுவார்கள்.

மூன்றாவது, திரும்பி வருபவர்களுக்கே உரியது: கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரை அங்கீகாரம் இல்லாத ஒருவர் மறுபடி கொழுவுவது. அந்த முனையில் மாறினால் வீடு முழுக்க மாறிவிடும். உள்ளே எத்தனை நல்ல வயரிங் இருந்தாலும் பிரயோசனமில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் நீட்டி எடுப்பதிலும் இதே பிழை வரும். சில இடங்களில் ஒற்றை உயிர்க்கம்பியை மட்டும் நீட்டி, நொதுமலுக்குப் பதில் மண்ணில் அடித்த கம்பியையே பாவிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைக்கும் கட்டியிருக்கும் மாட்டுக்கும் அது பொறி.

வீட்டுக்குள் போனதும்

மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருக்கட்டும். மேலே தூக்க வேண்டாம். சேறோ வெள்ளமோ எட்டிய உயரம் சுவரில் கறையாகத் தெரியும். அந்தக் கறைக்குக் கீழே இருந்த சுவிட்ச், பிளக் பொயின்ட், ட்ரிப் சுவிட்ச் எதையும் காயவைத்துப் பாவிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். உள்ளே போன மண் ஈரம் கண்டதும் மறுபடி மின்சாரத்தைக் கடத்தும். மெயின் சுவிட்சே நனைந்திருந்தால், அல்லது வெளியே வயர் அறுந்து தொங்கினால், தொடாமல் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பிளக் பொயின்ட்டில் கொடுத்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. அது கம்பத்துக்கு ஏறி, அங்கே வேலை செய்யும் லைன் ஊழியரைக் கொல்லும்.

ஒன்றும் நனையவில்லை, சபை இணைப்பும் வந்துவிட்டது என்றால், கம்பி மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஹார்ட்வெயார் கடையில் விற்கும் மூன்று சின்ன விளக்குள்ள பிளக் டெஸ்டர் இதற்கு மிக நல்லது. பொயின்ட்டில் செருகினால் எந்த விளக்குகள் எரிகின்றன என்பதை அதன் மேலுள்ள அட்டையோடு ஒப்பிட்டு, உயிரும் நொதுமலும் மாறியிருக்கிறதா, எர்த் இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். லயத்துக்கு ஒன்று வாங்கி எல்லோரும் பாவிக்கலாம். நொதுமலும் எர்த்தும் தங்களுக்குள் மாறியிருந்தால் மட்டும் அது காட்டாது.

ஸ்குரூ டிரைவர் போன்ற சாதாரண டெஸ்டர்தான் இருக்கிறது என்றால், காய்ந்த கையோடு, செருப்புப் போட்டு, பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடியுங்கள். விரல் பின்முனை உலோகத்தில் படட்டும், முன் தகட்டில் படவே கூடாது. முதலில் மின்சாரம் உண்டென்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். வெயிலில் அதன் வெளிச்சம் தெரியாது, கையால் நிழல் கொடுங்கள். மூடியில்லாத வட்டப் பொயின்ட்டில் வலது துளையில் மட்டும் எரிந்தால் சரி. இடதில் மட்டும் எரிந்தால் மாறியிருக்கிறது. இரண்டிலும் எரிந்தால் எங்கோ நொதுமல் அறுந்திருக்கக் கூடும். எதிலுமே எரியாவிட்டால் அதை "மின்சாரம் இல்லை" என்பதற்கு உத்தரவாதமாக எடுக்காதீர்கள், டெஸ்டர் பழுதாகவும் இருக்கலாம். உள்மூடி உள்ள பொயின்ட்டை இதற்காகக் குத்தித் திறக்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு பொயின்ட் மாறியிருந்தால் பிழை அந்தப் பொயின்ட்டில்தான். எல்லாப் பொயின்ட்டும் மாறியிருந்தால் பிழை மீட்டர்ப் பக்கமோ மெயின் சுவிட்ச் பக்கமோ இருக்கும். அப்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஆள் வரும்வரை காத்திருங்கள். பழைய ஒற்றை ஃபியூஸ் பெட்டியாக இருந்தால், இறக்கிய பிறகும் வயரில் உயிர் இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

டெஸ்டர் இல்லாமலே கிடைக்கும் அறிகுறி ஒன்றும் உண்டு. சுவிட்சை நிறுத்திய பிறகு இருட்டில் எல்.ஈ.டி. பல்பு மங்கலாக மின்னுகிறதா அல்லது விட்டுவிட்டுச் சிமிட்டுகிறதா? சுவிட்ச் நொதுமலை வெட்டும் வீடுகளில் இப்படி நடக்கும். சின்னச் சிவப்பு விளக்குள்ள சுவிட்சிலும், நீளமாக ஒன்றாய் ஓடும் வயர்களிலும் கூட இது வரலாம் என்பதால் அது மட்டும் முடிவல்ல. ஆனால் "பல்பு மட்டம்" என்று விட்டுவிடாமல் காட்டிக் கேளுங்கள்.

ட்ரிப் சுவிட்சும் மண்ணிலுள்ள கம்பியும்

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, கம்பி மாறினால் அது விழாதா என்று கேட்பார்கள். விழாது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. கம்பி மாறினாலும் இரண்டும் சமமாகவே இருக்கும். யாராவது தொட்டு, 30 மில்லி அம்பியர் அளவுக்கு உடல் வழியே நிலத்துக்குக் கசியும்போதுதான் அது வெட்டும். அதாவது ஒரு தடவை அடி விழும், பெரும்பாலும் உயிர் மிஞ்சும். என் அக்காவின் காம்பராவில் அன்று ட்ரிப் சுவிட்ச் இருக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் அதன் அருமை தெரியும். ஈரக் கையும் ஈரச் சுவருமாக உடலின் தடையை 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி அம்பியர் ஓடும். இதயத்தின் ஓட்டத்தைக் குழப்ப அது போதும். ஆனால் 15 அம்பியர் ஃபியூசுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. எர்த் கம்பி நன்றாக இருந்தாலும் ஃபியூஸ் மட்டும் காப்பாற்றாது. மண்ணில் இறக்கிய கம்பியின் தடை 50 ஓம் என்றால், முழு 230 வோல்ட்டும் கசிந்தாலும் 4.6 அம்பியர்தான் ஓடும். 15 அம்பியர் ஃபியூஸ் அசையாமல் இருக்கும், கேத்தலின் உடல் உயிரோடு இருக்கும். நம் வீடுகளுக்குச் சபை எர்த் கம்பி தருவதில்லை, அது நாமே மண்ணில் இறக்குவது. ஆகவே எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் ஒன்றுக்கொன்று துணையாக இரண்டும் வேண்டும். ட்ரிப் சுவிட்சிலுள்ள சின்னப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், மாற்றுங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரடியாகக் கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மண் சரிந்த இடங்களில் எர்த் கம்பியை விசேடமாகப் பாருங்கள். சுவரோரத்து மண் கரைந்து கம்பி பாதி வெளியே நிற்கலாம், பச்சை வயர் கழன்று தொங்கலாம். இரும்பு விற்பவர்கள் பிடுங்கிக்கொண்டு போன வீடுகளையும் கண்டிருக்கிறேன். கேத்தலையோ ஐயனையோ தொடும்போது "சுருக்" என்று இருந்தால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். அதைச் செருப்புப் போட்டுச் சமாளிக்கும் குசினிகள் பல உண்டு.

யாரிடம் கொடுப்பது

பல்பு மாற்றலாம், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு அதன் உள்ளே பார்க்கலாம். அதற்கு மேல் உள்ளதைத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரிடம் கொடுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வேலைக்காரர் தானாகவே காட்டுவார். லயமாக இருந்தால் வேலைக்கு முன் தோட்டக் காரியாலயத்துக்கும் சொல்லுங்கள், கூரைச் சட்டத்தில் ஓடும் வயர் பல காம்பராக்களுக்குப் பொதுவாக இருக்கலாம்.

வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாச் சுவிட்சும் உயிர்க்கம்பியைத்தான் வெட்டுகிறதா? திருகு ஹோல்டர்களில் உயிர் நடுப்புள்ளியிலா? எர்த் கம்பியின் தடையை மீட்டர் வைத்து அளந்தீர்களா, எத்தனை ஓம்? "பல்பு எரியுதே அக்கா, பிறகென்ன" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். சாமான் நீங்களே வாங்குவதானால், விளக்குக்கு 1/1.13 வயரும் பிளக் பொயின்ட்டுக்கு 7/0.67 வயரும் கேளுங்கள். உயிருக்கும் நொதுமலுக்கும் எர்த்துக்கும் வெவ்வேறு நிறத்தில் போதிய அளவு வாங்குங்கள். சில யார் வயர் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

யாருக்காவது மின்சாரம் அடித்து, இன்னும் வயரில் ஒட்டியிருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை இறக்குங்கள். அது எட்டாத இடத்தில் இருந்தால், காய்ந்த பலகையில் நின்று காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். வயர் கம்பத்திலிருந்து அறுந்து விழுந்ததானால் கிட்டவே போகாமல் 1987க்கு அழையுங்கள். விடுபட்டவர் மூச்சு விடாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு ஒருவர் அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை ஆழமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இதயத்தின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

அந்தக் குசினியின் வயரை அடுத்த ஞாயிறே முழுக்கக் கழற்றி, சிவப்பும் கறுப்புமாக மறுபடி இழுத்தேன். அக்கா கட்டுப்போட்ட கையோடு கீழே நின்று டோர்ச் பிடித்தார். சுவிட்சைப் பூட்டி முடிந்ததும், "இப்ப எது லைவ், காட்டு" என்றார். டெஸ்டரை வைத்துக் காட்டினேன். சுவிட்சை நிறுத்திவிட்டு ஹோல்டரிலும் காட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் கேத்தலை அடுப்பில் வைத்தார்.